பஸ் எங்கே வருகிறது? பயணிகள் பாக்கெட்டில் இருக்கிறது பதில்!

இரவு 9½ மணி. நகரின் நடுவே ஒரு பஸ் ஸ்டாப். பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வந்த பெண்கள் 4 பேர். சாப்பாட்டுப் பையுடன் ஒரு குமாஸ்தா. காலிக் கூடையுடன் பூக்காரப் பாட்டி. கையில் செல்போனுடன் ஒரு வாலிபர். இன்னும் பலர்.

"தம்பி, 29சி போயிடுச்சாப்பா?" என்று பாட்டி கேட்கிறார்.

"தெரியல பாட்டி. நானும் இப்பத்தான் வந்தேன்" என்கிறார் வாலிபர்.

பிறகு செல்போனைத் தட்டிப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிறார். ஏறிப் போய்விடுகிறார்.

பஸ் இப்போதைக்கு வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்ற 14 பேருக்கும் தெரியாது. அவர்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சென்னையில் எந்த ஸ்டாப்பிலும் பார்க்கக்கூடிய காட்சி இது.

பஸ் எங்கே வருகிறது? எந்த வழியாகப் போகிறது? உள்ளே கால் வைக்க இடம் இருக்கிறதா?

இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவர் ஒருவர் உண்டு. அந்தப் பஸ்சுக்குள்ளேயே இருக்கும் பயணி! அவர் பாக்கெட்டில் செல்போனும் இருக்கிறது.

அவருக்குத் தெரிந்ததை ஸ்டாப்பில் நிற்பவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி? பல ஊர்களில் பயணிகளின் செல்போனை வைத்தே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தெரிந்தால் காசு மிச்சம்

சென்னை மாநகர பஸ்கள் 3 ஆயிரத்துக்கும் மேல். தினமும் ஏறி இறங்கும் பயணிகள் 30 லட்சத்துக்கும் மேல்.

2021-ம் ஆண்டு மே மாதத்தில் இருந்து சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெள்ளை போர்டு வண்டி வந்தால் இலவசம். டீலக்ஸ் வந்தால் காசு.

கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது பெரிய கணக்கு. முன்னால் டீலக்ஸ் வந்து நிற்கிறது. பின்னால் வெள்ளை போர்டு வருகிறதா, இல்லையா? ஐந்து நிமிடத்தில் வரும் என்று தெரிந்தால் நிற்கலாம். தெரியாவிட்டால் காசைக் கொடுத்து ஏற வேண்டும். அல்லது அரை மணி நேரம் நின்று கால் கடுக்க வேண்டும்.

அடுத்தது 'கட் சர்வீஸ்'. நம்பர் அதேதான். ஆனால் வண்டி கடைசி வரை போகாது. போர்டை அவசரத்தில் பார்க்காமல் ஏறியவருக்குப் பாதி வழியில்தான் விஷயம் தெரியும்.

"இது கட்டும்மா. இதோட சரி. இறங்கி அடுத்த வண்டில வாங்க" என்பார் கண்டக்டர்.

ஸ்டாப் இடம் மாறுவது இன்னொரு தலைவலி. மெட்ரோ ரெயில் 2-ம் கட்ட வேலைக்காகப் பல ரோடுகளில் வழி மாறியது. நேற்று நின்ற இடத்தில் இன்று பஸ் நிற்காது.

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் அங்கே மாறின. பழக்க தோஷத்தில் பெட்டியும் கையுமாகக் கோயம்பேட்டுக்கு வந்தவருக்கு, "சார், இங்க இல்ல, கிளாம்பாக்கம் போங்க" என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

இதுமாதிரி சமயத்தில் முதலில் தெரிந்துகொள்வது யார்? ஏற்கனவே அலைந்து திரிந்த இன்னொரு பயணிதான்.

நைரோபியில் நடந்தது

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபி. அந்த ஊர் மக்கள் பெரும்பாலும் நம்பி இருப்பது 'மட்டாட்டு' என்னும் வண்டிகளை. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆனால் வேன், மினி பஸ் அளவுக்குப் பெரியது. எல்லாம் தனியார் வண்டி.

அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். சுவாகிலி மொழியில் 'டாட்டு' என்றால் மூன்று. ஆரம்ப காலத்தில் கட்டணம் மூன்று பத்து சென்ட் காசு. அதனால் மட்டாட்டு!

இந்த வண்டிகளுக்கு டைம் டேபிள் கிடையாது. முழு ரூட் மேப்பும் அப்போது கிடையாது. எந்த நம்பர் எங்கே போகிறது என்பது தினமும் போகிறவருக்கு மட்டும் தெரியும். ஊருக்குப் புதியவர் கதி அதோகதி.

2012-ம் ஆண்டு நைரோபி பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி தேடியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி., கொலம்பியா பல்கலைக்கழகங்களும் கைகோத்தன.

கோடிக்கணக்கில் செலவு செய்து ஒவ்வொரு வண்டியிலும் கருவி பொருத்தவில்லை. மாணவர்கள் கையில் செல்போனைக் கொடுத்தார்கள். "போய் வண்டியில் ஏறுங்கள்" என்றார்கள்.

மாணவர்கள் பயணிகளோடு பயணிகளாக ஏறினார்கள். வண்டி போகும் வழியைச் செல்போன் தானாகக் குறித்துக்கொண்டது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தட்டு. அந்த இடத்தின் பெயர் பதிவு. மறுபடி பயணம். ஒரு ரூட் முடிந்ததும் அடுத்த ரூட்.

இப்படி 130-க்கும் மேற்பட்ட ரூட்டுகள் பதிவாயின. 2014 ஜனவரியில் மேப் வெளியானது. பச்சை, சிவப்பு, நீலம் என்று பல கலர்களில் கோடு கோடாக நைரோபியின் மொத்த மட்டாட்டு வழிகளும் ஒரே தாளில்!

டிரைவர்களும் பார்த்தார்கள்

மேப்பைப் பார்த்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லாக் கோடுகளும் ஊரின் மையத்துக்கே போய்க் கூடின. ஊரின் ஒரு ஓரத்தில் இருந்து இன்னொரு ஓரத்துக்கு நேராகப் போகும் வழி மிகவும் குறைவு.

மட்டாட்டு டிரைவர்களும் மேப்பை வாங்கிப் பார்த்தார்கள். வண்டியே போகாத இடம் எது, புதிதாக எந்த வழியில் ஓட்டலாம் என்று யோசித்தார்கள். நகர அதிகாரிகளும் மேப்பை ஏற்றுக்கொண்டார்கள். 2015-ல் இந்த வழிகள் கூகுள் மேப்பிலும் ஏறிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. திரட்டிய விவரங்களை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார்கள். அதை வைத்துப் பலர் செல்போன் செயலிகள் செய்தார்கள்.

அதற்கு ஒரு பொதுவான எழுத்து முறை கைகொடுத்தது. ஸ்டாப் பெயர், அது இருக்கும் இடம், ரூட் நம்பர், நேரம் என்று ஒரே மாதிரி பட்டியல் போடும் முறை அது. ஜி.டி.எப்.எஸ். என்று பெயர். 2005-ம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் பிறந்தது. இந்த முறையில் எழுதி வைத்தால் எந்த ஊர் பஸ் விவரத்தையும் எந்தச் செயலியும் படிக்கும். டைம் டேபிளே இல்லாத மட்டாட்டுக்கு அதைக் கொஞ்சம் திருத்தி அமைக்க வேண்டி இருந்தது. அவ்வளவுதான்.

"என்னைத் தூக்கிக்கொள்!"

வழியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. வண்டியில் இடம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். 2011-ம் ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். பெயர் 'டிராமிசு'. இது ஒரு இத்தாலிய இனிப்பின் பெயர். 'என்னைத் தூக்கிக்கொள்' என்று அர்த்தம். பஸ்சுக்குக் காத்திருப்பவர் கேட்பதும் அதைத்தானே!

பயணி பஸ்சில் ஏறியதும் ஒரு பட்டனை அழுத்துவார். அவர் இறங்கும் வரை பஸ் எங்கே போகிறது என்று செல்போன் சொல்லிக்கொண்டே வரும். உட்கார இடம் இருக்கிறதா, நிற்க மட்டும் இடமா, வண்டி நிரம்பிவிட்டதா என்றும் அவர் சொல்லலாம்.

இதை முக்கியமாக யாருக்காகச் செய்தார்கள்? உடல் ஊனமுற்ற பயணிகளுக்காக. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பஸ் வந்தால் மட்டும் போதாது. உள்ளே நாற்காலி நிறுத்த இடம் வேண்டும். நிரம்பிய பஸ் வந்து என்ன, வராமல் என்ன?

கோபுரம் காட்டும் ரெயில்

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயிலில் போகும் பலர் கையில் 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி இருக்கிறது. பெங்களூர் கம்பெனி ஒன்று செய்தது. 2018-ல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது.

ரெயில் ஓடும்போது பயணியின் செல்போன் வழியில் உள்ள செல்போன் கோபுரங்களை ஒன்று மாற்றி ஒன்று பிடிக்கிறது. எந்தக் கோபுரம் என்று தெரிந்தால் ரெயில் எந்த ஸ்டேஷன் பக்கம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வண்டிக்குள் இருப்பவருக்கு இடம் தெரியும்.

அந்தச் செல்போன்கள் அனுப்பும் விவரம்தான் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கும் உதவுகிறது. ரெயிலுக்குள் இருப்பவர் தூங்கிக்கொண்டு வந்தாலும் அவர் செல்போன் வேலை செய்கிறது.

2019 ஜூன் மாதத்தில் கூகுள் மேப் இந்தியாவில் 10 ஊர்களில் பஸ் எவ்வளவு தாமதம் என்று காட்ட ஆரம்பித்தது. அதில் சென்னையும் கோவையும் உண்டு. ரோட்டில் போகும் வண்டிகளின் வேகத்தை வைத்து பஸ்சின் தாமதத்தைக் கணித்தார்கள். அந்த வேகத்தைச் சொல்வது வண்டிகளில் இருப்பவர்களின் செல்போன்கள்தான்.

அரசு கருவி இருக்கிறதே?

"மாநகர பஸ்சில்தான் கருவி இருக்கிறதே, பயணி எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்கலாம்.

உண்மைதான். 2022-ல் 'சென்னை பஸ்' செயலி வந்தது. பஸ்களில் உள்ள ஜி.பி.எஸ். கருவியை வைத்து வண்டி வரும் இடத்தைக் காட்டியது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

கருவி நல்லது. வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று அது சொல்லும். ஏன் நிற்கிறது என்று சொல்லாது. டயர் பஞ்சரா, சிக்னலா, ஊர்வலமா? படிக்கட்டில் தொங்குகிறார்களா, காலியா? ஸ்டாப்பை ஐம்பது அடி தள்ளி வைத்திருக்கிறார்களா? இதெல்லாம் மனிதர் கண்ணுக்குத்தான் தெரியும்.

தினமும் ஒரே ரெயிலில் போகும் சீசன் டிக்கெட்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்! முன் ஸ்டேஷனில் ஏறியவர், "8 நிமிஷம் லேட். பிளாட்பாரம் மாறுது" என்று ஒரு வரி போட்டால் போதும். பின் ஸ்டேஷனில் நிற்பவர் படியேறி இறங்கும் அவதி மிச்சம்.

வெள்ளத்தில் பார்த்தோம்

சென்னைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தை யாரும் மறக்க முடியாது. எந்தத் தெருவில் தண்ணீர், எந்த வழி போகலாம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது இன்டர்நெட்டில் ஒரு மேப் திறந்து விடப்பட்டது. "உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? தெருவைத் தொட்டுக் காட்டுங்கள்" என்றார்கள். 2,500-க்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்துக் கொடுத்தார்கள். யாரும் சம்பளம் வாங்கவில்லை.

90 கோடி டாலர்!

பயணி சும்மா சொல்லும் தகவலுக்கு விலை உண்டா? உண்டு. கொஞ்சநஞ்சம் அல்ல.

'மூவிட்' என்று ஒரு செயலி. இஸ்ரேல் கம்பெனி. பல நாடுகளில் பயணிகளும் தொண்டர்களும் தங்கள் ஊர் ரூட், ஸ்டாப் விவரங்களை அதில் சேர்த்தார்கள். பயணம் செய்தவர்களின் செல்போன்களும் விவரம் கொடுத்தன. 2020 மே மாதம் இன்டெல் கம்பெனி அதை வாங்கியது. விலை 90 கோடி டாலர்!

விவரம் கொடுத்த பயணிக்கு அதில் பங்கு இல்லை. அவருக்குக் கிடைத்தது பஸ் வரும் நேரம்.

பயணிகள் கொடுத்த விவரம் நைரோபியைப் போல ஊர்ப் பொதுச் சொத்தாக இருப்பதா, ஒரு கம்பெனியின் பெட்டியில் இருப்பதா? செயலியில் 'சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் முன் பயணிகள் நினைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

99 போன், ஒரு கைவண்டி

செல்போன் சொல்வதெல்லாம் நிஜமா? அதுவும் இல்லை.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்த ஒரு வேடிக்கை 2020 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு கைவண்டியில் 99 பழைய செல்போன்களைப் போட்டுக்கொண்டார். காலியான ரோட்டில் மெதுவாக இழுத்துப் போனார்.

கூகுள் மேப் என்ன நினைத்தது? 99 வண்டிகள் ஆமை வேகத்தில் ஊர்கின்றன என்று நினைத்தது. ரோட்டைச் சிவப்பாக்கி, "டிராபிக் ஜாம்" என்று காட்டிவிட்டது!

அதனால் ஒருவர் சொன்னதை வைத்து முடிவு கட்டக்கூடாது. நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம்.

பயணிகள் கவனத்துக்கு

தகவல் பகிர்வதில் ஜாக்கிரதையும் தேவை.

வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லாதீர்கள். "29சி கூட்டம் இல்லை, பெரம்பூர் வரை போகிறது" என்றால் போதும். "நான் தனியாக வருகிறேன், இந்த ஸ்டாப்பில் இறங்குகிறேன்" என்று முகம் தெரியாதவர்கள் இருக்கும் குரூப்பில் போடுவது ஆபத்து. பெண்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இருக்கும் இடத்தை வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டினால் போதும்.

படிக்கட்டில் நின்று செல்போனைத் தட்டக்கூடாது. மின்சார ரெயில் வாசலில் நின்றவர்களின் கையில் கம்பால் அடித்து செல்போனைப் பறித்த சம்பவங்கள் சென்னையில் நடந்திருக்கின்றன. உள்ளே போய் நின்ற பிறகு தட்டலாம்.

தகவலில் நேரம் போடுவது அவசியம். "பஸ் வருது" என்று மொட்டையாகப் போட்டால், ஒரு மணி நேரம் கழித்துப் படிப்பவர் ஏமாந்து போவார்.

ஒரு வார்த்தை

மறுபடி அந்த பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். நேரம் 10 ஆகப்போகிறது. ஆட்டோவில் போன வாலிபர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பாட்டி இன்னும் நிற்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். பேரன் பேசினால் எடுக்கத் தெரியும். செயலி, மேப் எதுவும் அதில் வராது.

நைரோபி மாணவர்கள் செய்ததும், பிட்ஸ்பர்க் பயணிகள் செய்ததும், வெள்ளத்தில் சென்னை மக்கள் செய்ததும் ஒரே காரியம்தான். தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொன்னார்கள். அவ்வளவுதான். அதற்குச் செல்போன் உதவியாக இருந்தது.

ஸ்டாப்பில் செல்போனைப் பார்ப்பவர் வாயையும் கொஞ்சம் திறந்தால் போதும்.

"பாட்டி, 29சி இப்பதான் பெசன்ட் நகர்லயே கிளம்புது. லேட்டாகும். அந்தக் கடை பெஞ்சுல உக்காருங்க."

இப்படிச் சொல்ல இன்டர்நெட் செலவும் கிடையாது. பாட்டிக்குக் கால் வலி மிச்சம். ஜவுளிக்கடைப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசலாமா என்று யோசிப்பார்கள். குமாஸ்தா வீட்டுக்குப் போன் போட்டு, "கதவைச் சாத்திக்கோ, வர லேட்டாகும்" என்பார்.

ஒருவர் பார்த்ததில் பதினைந்து பேருக்குப் பலன்!